அப்பாவுக்கு 84 வயது, இந்த முறை வீட்டில் இருந்தே ஓட்டுப் போட முடியாதா? (தபால் வாக்கு, 12டி படிவம்)

மந்தைவெளி_மகள்
மார்ச் 17, 2024, இரவு 9.40

வணக்கம். நேற்று மக்களவைத் தேர்தல் தேதி அறிவித்ததில் இருந்து அப்பா என்னைப் பார்க்கும்போதெல்லாம் "நம்ம வீட்டுக்கு எப்போ வருவாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். 2021 சட்டமன்றத் தேர்தலில் அவர் வீட்டில் இருந்தபடியே தபால் ஓட்டுப் போட்டார். அப்போது அவருக்கு 81. எண்பது தாண்டியவர்களுக்கு என்று ஆட்கள் வீட்டுக்கே வந்து, ஓட்டுச் சீட்டைக் கொடுத்து, உறையில் போட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். இந்த முறையும் அப்படித்தான் என்று இருந்தேன். இன்று காலை எங்கள் பாகத்து பிஎல்ஓவை (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) பால் பூத் பக்கத்தில் பார்த்துக் கேட்டால், "இந்த முறை 85 ஆக்கிட்டாங்கம்மா, அப்பாவுக்கு 84 தானே, வராது" என்கிறார்.

2019-ல் பக்கவாதம் வந்ததில் இருந்து அப்பாவுக்கு வலது கையும் வலது காலும் சரியாக வேலை செய்வதில்லை. நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கீழே இறக்க வேண்டுமானால் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்க வேண்டும். 1962-ல் முதல் ஓட்டுப் போட்டவர், அதற்குப் பிறகு ஒரு தேர்தலைக்கூட விட்டதில்லை. அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை. பிஎல்ஓ சொன்னது சரிதானா? வேறு வழி இருக்கிறதா?

பழைய_பிஎல்ஓ
மார்ச் 17, 2024, இரவு 10.25

அவர் வயதைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்.

1961-ம் வருடத்துத் தேர்தல் நடத்தை விதிகளில் 2019 அக்டோபரில் திருத்தம் செய்து, 80 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தபால் வாக்கு கொண்டுவந்தார்கள். முதலில் ஜார்க்கண்டில் சில தொகுதிகளில் செய்து பார்த்தார்கள், அப்புறம் 2020-ல் டெல்லி. நம் ஊரில் சட்டமன்றத் தேர்தலுக்கு வந்தது 2021-ல், அதில்தான் உங்கள் அப்பா போட்டார். இப்போது இரண்டு வாரம் முன்பு, மார்ச் 1-ம் தேதி, அந்த 80-ஐ 85 ஆக மாற்றிவிட்டார்கள். அதனால் வயதுக் கணக்கில் அப்பா வரமாட்டார்.

ஆனால் மாற்றுத்திறனாளிகளுக்கான வழி அப்படியே இருக்கிறது, அதற்கு வயது வரம்பே கிடையாது. 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்று அரசு மருத்துவச் சான்று இருந்தால் போதும். பக்கவாதத்துக்குப் பிறகு சான்றிதழோ, மாற்றுத்திறனாளிகளுக்குத் தரும் யூடிஐடி அடையாள அட்டையோ வாங்கினீர்களா? இருந்தால் வீட்டில் இருந்து ஓட்டுப் போட விண்ணப்பிக்கும் அதே 12டி படிவத்தில் மாற்றுத்திறனாளி என்ற பிரிவைக் குறித்து, சான்றின் நகலை வைத்துக் கொடுங்கள். வீட்டுக்கு வந்துதான் வாங்குவார்கள்.

மந்தைவெளி_மகள்
மார்ச் 17, 2024, இரவு 11.50

இப்போதுதான் பீரோவை முழுக்கக் கவிழ்த்துப் பார்த்தேன். எல்ஐசி பத்திரங்களுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவரில் இருந்தது. 2020 தொடக்கத்தில் அண்ணன் அலைந்து வாங்கியது, 60 சதவீதம் என்று போட்டு, முத்திரை, அப்பாவின் இடது கைப் பெருவிரல் ரேகை எல்லாம் இருக்கிறது. இது பஸ் பாஸுக்கும் வருமான வரிக்கும்தான் என்று நினைத்து உள்ளே வைத்துவிட்டோம். நான்கு வருஷமாக யாரும் அதைத் தொடவே இல்லை. ரொம்ப நன்றி ஐயா. இனி என்ன செய்ய வேண்டும், எங்கே போக வேண்டும்?

பழைய_பிஎல்ஓ
மார்ச் 18, 2024, காலை 6.15

நல்லது. இனிமேல் தேதிதான் முக்கியம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஓட்டுப்பதிவு ஏப்ரல் 19. அதை வைத்துக்கொண்டு இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே என்று பலர் உட்கார்ந்திருக்கிறார்கள். 12டி படிவத்துக்கு அந்த ஒரு மாதம் கிடையாது. தேர்தல் அறிவிக்கை மார்ச் 20-ம் தேதி வெளியாகிறது, அதில் இருந்து ஐந்து நாள்தான், அதாவது 25-ம் தேதிக்குள் படிவம் தேர்தல் நடத்தும் அலுவலருக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நான் பார்த்த வரைக்கும் வீட்டு ஓட்டு கிடைக்காமல் போனவர்களில் முக்கால்வாசிப் பேர் தகுதி இல்லாதவர்கள் அல்ல, இந்த ஐந்து நாளைத் தெரியாமல் விட்டவர்கள்.

அந்த நாட்களில் பிஎல்ஓ வீடு தேடி வந்து படிவத்தைக் கொடுத்து, நிரப்பியதை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் உங்கள் அப்பா 85 வயதுப் பட்டியலில் இருக்கமாட்டார், வாக்காளர் பட்டியலில் மாற்றுத்திறனாளி என்று குறியிடப்பட்டிருந்தால்தான் பிஎல்ஓ கையில் உள்ள பட்டியலில் பெயர் வரும். குறியீடு இல்லாவிட்டால் அவர் உங்கள் கதவைத் தட்டாமலே போகலாம். ஆகவே காத்திருக்காதீர்கள், 20-ம் தேதி காலையிலேயே போன் செய்து படிவம் கேளுங்கள். அவர் பிடிபடாவிட்டால் 1950 என்ற தேர்தல் உதவி எண்ணுக்கு அடியுங்கள், இல்லாவிட்டால் மயிலாப்பூர் தொகுதிக்கான உதவித் தேர்தல் நடத்தும் அலுவலரின் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கொடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்.

படிவத்தில் வாக்காளர் பட்டியலின் பாகம் எண், வரிசை எண் கேட்பார்கள், அதை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். போன் நம்பர் கேட்கும் இடத்தில் அப்பாவின் பழைய நம்பரை எழுதாமல் வீட்டில் எப்போதும் எடுக்கிறவர் நம்பரை எழுதுங்கள். குழு எந்த நாள் வருகிறது என்ற தகவல் அந்த நம்பருக்குத்தான் குறுஞ்செய்தியாக வரும், அல்லது பிஎல்ஓ மூலம் வரும்.

வடபழனி_வாசி
மார்ச் 18, 2024, காலை 8.05

இதில் ஒரு விஷயத்தை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும், எங்கள் வீட்டில் நடந்ததால் சொல்கிறேன்.

2021-ல் எங்கள் பாட்டிக்கு 12டி கொடுத்தோம். குழு வந்த அன்று பாட்டி மூச்சுத்திணறலால் ஆஸ்பத்திரியில். இரண்டாவது முறை வருவோம் என்றார்கள், வந்தார்கள், அன்றும் பாட்டி வார்டில்தான் இருந்தார். அதற்கு மறுநாள் டிஸ்சார்ஜ். ஓட்டுப்பதிவு அன்று பாட்டி நன்றாகவே இருந்தார், ஆட்டோவில் ஏற்றி பூத்துக்கு அழைத்துப் போனோம். பட்டியலில் பெயருக்கு நேராக தபால் வாக்கு என்று குறி போட்டிருக்கிறது, இங்கே போட முடியாது என்றார்கள். பாட்டிக்குப் புரியவே இல்லை. "நான் இன்னும் போடலையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த அதிகாரி பொறுமையாகத்தான் விளக்கினார், அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. 12டி கொடுக்கும்போதே இதை யாராவது எங்களிடம் சொல்லியிருக்கலாம். பாட்டி அந்த வருடமே ஐப்பசியில் போய்விட்டார்.

பழைய_பிஎல்ஓ
மார்ச் 18, 2024, காலை 8.30

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது தம்பி. ஆனால் விதி அதுதான். 12டி ஏற்கப்பட்டதும் பட்டியலில் பெயருக்கு நேரே 'பிபி' (போஸ்டல் பேலட்) என்று குறித்துவிடுவார்கள், அதன் பிறகு பூத்தில் மெஷினில் போட முடியாது. வீட்டுக்கு இரண்டு முறைதான் வருவார்கள், மூன்றாவது கிடையாது. நடந்து போகத் தெம்பு இருக்கிறவர்களும், அந்தச் சமயத்தில் ஊரில் இருப்பார்களா என்று தெரியாதவர்களும் 12டி கொடுக்கும் முன் யோசித்துக் கொடுப்பது நல்லது.

கொடுக்காமல் பூத்துக்கே போவதாக இருந்தால் அதற்கும் வசதிகள் இருக்கின்றன. முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் வரிசையில் நிற்க வேண்டாம். சக்கர நாற்காலி வேண்டும், வண்டி வேண்டும் என்றால் தேர்தல் ஆணையத்தின் சக்ஷம் செயலியில் முன்கூட்டியே பதிவு செய்யலாம். பார்வை இல்லாதவர்களும் தானாகப் பட்டனை அழுத்த முடியாதவர்களும் 18 வயது தாண்டிய ஒருவரைத் துணைக்கு உள்ளே அழைத்துப் போகலாம்.

சாக்பீஸ்
மார்ச் 18, 2024, மாலை 5.50

நான் ஆசிரியை, பெரம்பூரில் ஓட்டு. எங்களைப் போலத் தேர்தல் வேலைக்குப் போகிறவர்கள் தபால் வாக்கு பற்றியும் இங்கேயே எழுதிவிடுகிறேன், தேடுகிறவர்களுக்கு உதவும்.

எங்களுக்கு 12டி இல்லை, படிவம் 12. முதல் பயிற்சி வகுப்பிலேயே கொடுக்கச் சொல்வார்கள். ஓட்டு இருக்கும் மக்களவைத் தொகுதிக்குள்ளேயே வேலை விழுந்தால் படிவம் 12ஏ, அதற்குத் தேர்தல் பணிச் சான்று தருவார்கள், வேலை பார்க்கிற பூத்திலேயே மெஷினில் போட்டுவிடலாம். என் ஓட்டு வடசென்னையில், வேலை அண்ணா நகர் பக்கம் விழுந்தால் அது மத்திய சென்னை. அப்போது தபால் வாக்குதான்.

முன்பெல்லாம் ஓட்டுச் சீட்டை வீட்டுக்கு எடுத்துப் போய், நிரப்பி, கெஜட்டட் ஆபீசர் ஒருவரிடம் கையெழுத்து வாங்கித் தபாலில் போடுவோம். ராதாபுரம் சட்டமன்றத் தொகுதி ஞாபகம் இருக்கிறதா? 2016-ல் வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. அங்கே 203 தபால் ஓட்டுகளைத் தள்ளிவிட்டார்கள். காரணம், உறுதிமொழியில் சான்றொப்பம் போட்டவர் நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர், அந்தக் கையெழுத்து செல்லாது என்றார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் போய் 2019-ல் மறு எண்ணிக்கைக்கு உத்தரவாகி, அதன் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அந்த 203-ம் நம்மைப் போல வேலைக்குப் போனவர்கள் போட்ட ஓட்டு. போட்ட ஓட்டை எண்ணியும் முடிவு வெளியே வராமலே கிடக்கிறது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனது ஆறாது.

போன வருடம் விதியைத் திருத்திவிட்டார்கள். இப்போது பயிற்சி நடக்கும் இடத்திலேயே தபால் வாக்கு மையம் வைத்திருப்பார்கள், அங்கேயேதான் போட்டுக் கொடுக்க வேண்டும், வீட்டுக்கு எடுத்துப் போகிற வேலை இல்லை. சான்றொப்பத்துக்கும் அங்கேயே ஆள் இருப்பார். ஆகவே படிவம் 12-ஐ முதல் வகுப்பிலேயே கொடுத்துவிடுங்கள், வாக்காளர் அட்டை நகலைக் கையில் வைத்திருங்கள்.

வடபழனி_வாசி
மார்ச் 18, 2024, மாலை 6.20

ஆசிரியை அக்கா, சீட்டு செல்லாமல் போவதற்கு வேறு என்ன காரணங்கள் என்று சொல்ல முடியுமா? எண்ணும் இடத்தில் ஏஜென்டாக இருந்த நண்பன் கட்டுக்கட்டாகத் தள்ளினார்கள் என்றான்.

சாக்பீஸ்
மார்ச் 18, 2024, இரவு 7.45

பெரும்பாலும் உறை மாறுவதுதான் தம்பி. இரண்டு உறை தருவார்கள். சின்ன உறை 13பி, அதற்குள் ஓட்டுச் சீட்டு மட்டும். பெரிய உறை 13சி, அதற்குள் ஒட்டிய சின்ன உறையும், கையெழுத்துப் போட்ட 13ஏ உறுதிமொழியும் தனித்தனியாக. பலர் உறுதிமொழியையும் சீட்டோடு சேர்த்துச் சின்ன உறைக்குள் வைத்து ஒட்டிவிடுவார்கள். எண்ணும்போது பெரிய உறையைப் பிரித்து முதலில் உறுதிமொழியைத்தான் தேடுவார்கள். அது இல்லை, கையெழுத்து இல்லை, அல்லது அதில் எழுதிய சீட்டு எண்ணும் சின்ன உறைமேல் உள்ள எண்ணும் பொருந்தவில்லை என்றால் சின்ன உறையைப் பிரிக்கவே மாட்டார்கள், அப்படியே தள்ளிவிடுவார்கள்.

சீட்டில் பேனாவால் டிக்கோ பெருக்கல் குறியோ ஒரே ஒரு பெயருக்கு எதிரே தெளிவாகப் போட்டால் போதும். பழைய பழக்கத்தில் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், பெயரும் எழுதாதீர்கள். யார் போட்டது என்று தெரிகிற மாதிரி எந்த அடையாளம் இருந்தாலும் செல்லாது. நோட்டாவும் அதில் இருக்கும்.

கிண்டி_டு_பெங்களூர்
மார்ச் 19, 2024, காலை 10.10

நான் பெங்களூரில் வேலை, ஓட்டு சைதாப்பேட்டையில். என்னைப் போன்றவர்களுக்குத் தபால் ஓட்டு கிடையாதா? பெயரை இங்கே மாற்றிக்கொள்ளலாமா?

பழைய_பிஎல்ஓ
மார்ச் 19, 2024, பகல் 12.40

கிடையாது. வேலைக்காக வேறு ஊரில் இருப்பது தபால் வாக்குக்குக் காரணம் ஆகாது. தேர்தல் வேலை பார்ப்பவர்கள், ராணுவம், துணை ராணுவம், தடுப்புக் காவலில் இருப்பவர்கள், அப்புறம் இப்போது ஆணையம் அறிவித்த அத்தியாவசியப் பணிக்காரர்கள், 85 தாண்டியவர்கள், மாற்றுத்திறனாளிகள், இவ்வளவுதான் பட்டியல். வெளியூரில் இருப்பவர்கள் அங்கிருந்தே போட ஒரு மெஷினை 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்டினார்கள், பல கட்சிகள் எதிர்த்தன, அதோடு நின்றது. பெயர் மாற்றலுக்குப் படிவம் 8, ஆனால் வேட்புமனுவின் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பு வரைதான் வாங்குவார்கள். பெங்களூரில் மனுவுக்குக் கடைசி நாள் ஏப்ரல் 4, ஆக அங்கே இந்த 25-ம் தேதி வரை கொடுக்கலாம். மாற்றாவிட்டால் சைதாப்பேட்டையில்தான் போட வேண்டும். 19 வெள்ளிக்கிழமை, வியாழன் இரவே கிளம்பி வாருங்கள். டிக்கெட்டை இன்றே போடுங்கள்.

அடையாறு_ஆலமரம்
மார்ச் 19, 2024, இரவு 9.15

எனக்குக் கொஞ்சம் வித்தியாசமான நிலைமை. நான் அமெரிக்கக் குடியுரிமை வாங்கி 12 வருஷம், அம்மாவைப் பார்த்துக்கொள்ள இரண்டு வருஷமாக இங்கே இருக்கிறேன், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) இருக்கிறது. இங்கே ஓட்டுப் போட முடியுமா? நவம்பரில் அங்கே தேர்தல், அதற்கு இங்கிருந்தே போட முடியுமா?

ஓஎம்ஆர்_தம்பதி
மார்ச் 19, 2024, இரவு 10.30

இங்கே முடியாது அக்கா. ஓசிஐக்கு இந்தியாவில் ஓட்டுரிமை கிடையாது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு மட்டும் பட்டியலில் பெயர் சேர்க்கப் படிவம் 6ஏ உண்டு, அவர்களும் நேரில் வந்து பாஸ்போர்ட்டைக் காட்டித்தான் போட வேண்டும்.

ஆனால் அங்கே உள்ள ஓட்டை இங்கிருந்தே போடலாம், நானும் மனைவியும் 2022-ல் துரைப்பாக்கத்தில் இருந்தபடியே போட்டோம். ஃபெடரல் போஸ்ட் கார்டு அப்ளிகேஷன் என்று ஒரே படிவம், பதிவுக்கும் சீட்டு கேட்பதற்கும் அதுவே. நீங்கள் அங்கே கடைசியாக வசித்த விலாசம் எதுவோ அந்த ஊர்த் தேர்தல் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும், சீட்டு மின்னஞ்சலில் வேண்டும் என்று அதிலேயே குறித்துவிடுங்கள். ஒரு தடவை கொடுத்தது எப்போதைக்கும் செல்லும் என்று இருக்காதீர்கள், ஒவ்வொரு வருஷமும் ஜனவரியில் புதிதாக அனுப்பச் சொல்கிறார்கள். நேரத்தோடு விண்ணப்பித்தவர்களுக்குத் தேர்தலுக்கு 45 நாள் முன்பே சீட்டை அனுப்பியாக வேண்டும் என்பது அங்கே சட்டம். நவம்பர் 5 தேர்தல், அப்படியானால் செப்டம்பர் 21-க்குள் உங்களுக்கு வர வேண்டும். வராவிட்டால் அவசரத்துக்கு என்று ஃபெடரல் ரைட்-இன் சீட்டு இருக்கிறது, அதில் பெயரை நாமே எழுதி அனுப்பலாம்.

திருப்பி அனுப்புவதுதான் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில மாநிலங்கள் மின்னஞ்சலிலோ இணையத்திலோ ஏற்கும், சில இடங்களில் காகிதம்தான். காகிதம் என்றால் அமெரிக்க அஞ்சல் கட்டணம் கட்டிய உறையில் போட்டு அண்ணா சாலையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் கொடுக்கலாம், அவர்களுடைய தூதரக அஞ்சல் பையில் போகும், ஆனால் வாரக்கணக்கில் ஆகும். சீட்டு வந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.

மந்தைவெளி_மகள்
மார்ச் 22, 2024, மதியம் 2.20

கொடுத்துவிட்டேன். 20-ம் தேதி பிஎல்ஓவுக்கு நான்கு தடவை அடித்தேன், மாலையில் அவரே வந்தார். சான்றிதழைப் பார்த்ததும் "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நானே சொல்லியிருப்பேனேம்மா" என்றார். நல்ல மனிதர், வயதை மட்டும் கேட்டுவிட்டுப் போயிருந்தார், அவ்வளவுதான். படிவத்தில் அப்பா இடது கையால் கையெழுத்துப் போட்டார். ஒப்புகைச் சீட்டைக் காலண்டர் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு 79, அவர் நடந்தே பூத்துக்குப் போய்விடுவேன் என்கிறார்.

ஐயா, இன்னொரு சந்தேகம். அப்பாவால் வலது கையால் எதுவும் செய்ய முடியாது. சீட்டில் குறி போட நான் உதவலாமா?

பழைய_பிஎல்ஓ
மார்ச் 22, 2024, மாலை 4.00

அவரால் முடியாத பட்சத்தில் அவர் சொல்கிற, 18 வயது தாண்டிய ஒருவர் உதவலாம், அவர் யாரைச் சொல்கிறார் என்பதுதான் கணக்கு. குழுவிடம் அவர் வாயாலேயே சொல்லட்டும். இடது கையால் ஒரு டிக் போட முடியும் என்றால் அவரையே போட விடுங்கள், கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரே கட்டத்துக்குள் இருந்தால் சரி. வேட்பாளர்களின் ஏஜென்டுகளும் குழுவோடு வரலாம், அதற்கு அனுமதி உண்டு. ஆனால் குறி போடும் இடத்தை அவர்கள் எட்டிப் பார்க்கக் கூடாது.

மந்தைவெளி_மகள்
ஏப்ரல் 11, 2024, இரவு 8.30

வந்தார்கள், போட்டுவிட்டார். முந்தின நாள் மாலை என் நம்பருக்குச் செய்தி வந்தது. காலை பதினொன்றரைக்கு இரண்டு அலுவலர்கள், ஒரு போலீஸ்காரர், வீடியோ எடுக்க ஒரு பையன், நான்கு பேரும் படியேறி மூச்சு வாங்க வந்தார்கள். அம்மா மோர் கொடுத்தார், வேலை முடியட்டும் என்று தண்ணீர் மட்டும் குடித்தார்கள். அப்பா காலை ஆறு மணிக்கே ஷேவ் செய்யச் சொல்லி, கஞ்சி போட்ட வேட்டியைக் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்துவிட்டார்.

சாப்பாட்டு மேஜையில் அட்டைத் தடுப்பை வைத்தார்கள். வாக்காளர் அட்டையைப் பார்த்து, சீட்டின் எண்ணை உறுதிமொழியில் எழுதி, அப்பாவிடம் கையெழுத்து வாங்கி, வந்திருந்த அலுவலர் அம்மாவே சான்றொப்பம் போட்டார். "துணைக்கு மகள் வரட்டுமா ஐயா?" என்று கேட்டார். அப்பா வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, எங்களை எல்லாம் சமையலறைக்குப் போகச் சொன்னார். வீடியோ பையனையும் திரும்பிக்கொள்ளச் சொன்னார், அவன் திரும்பிக்கொண்டான். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனது. பேனா ஒருமுறை கீழே விழுந்த சத்தம் கேட்டது, நான் எழுந்து போகப் பார்த்தேன், அம்மா கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

சின்ன உறையைச் சீட்டு மட்டும் வைத்து அவரே ஒட்டினார். ஆசிரியை எழுதியதைப் படித்துக் காட்டியிருந்தேன், அதனால் "அந்தப் பேப்பர் இதுக்குள்ள கூடாது, இல்லையா?" என்று அலுவலரிடமே கேட்டு உறுதி செய்துகொண்டார். சாயங்காலம் வரைக்கும் அந்தக் கஞ்சி வேட்டியை மாற்றவே இல்லை.

சாக்பீஸ்
ஏப்ரல் 11, 2024, இரவு 9.05

படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நானும் இரண்டாவது பயிற்சி வகுப்பில் போட்டுவிட்டேன்.

மந்தைவெளி_மகள்
ஏப்ரல் 19, 2024, காலை 9.10

அம்மா ஏழு மணிக்கே போய் வரிசையில் நிற்காமல் போட்டுவிட்டு வந்துவிட்டார். அப்பா இப்போது கேட்பது, அவர் போட்டது எப்போது எண்ணப்படும் என்று. கடைசியில்தான் எண்ணுவார்களாமே, எண்ணாமலே விட்டுவிடுவார்களாமே என்று யாரோ போனில் சொல்லிவிட்டார்கள், அதில் இருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

பழைய_பிஎல்ஓ
ஏப்ரல் 19, 2024, காலை 9.45

முதலில் எண்ணுவதே அதைத்தான் அம்மா. ஜூன் 4 காலை எட்டு மணிக்குத் தபால் வாக்குப் பெட்டியைத் திறப்பார்கள், மெஷினை எடுப்பது எட்டரைக்கு. அப்பாவிடம் சொல்லிச் சாப்பிட வையுங்கள்.